சயனைட் மேட்டு மணலும் முட்டையில்லாத பிஸ்கட்டும்

கோரமண்டல், கே.ஜி.எஃப்.
22-1-1964

கர்த்தருக்குள் அன்பான அக்கா ஞானசுந்தரிக்கு, தம்பி ஏனோக் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரி லூயிசாவும் மகள் ஐடாவும் சுகம். மாமாவின் மூட்டுவலிக்காகத் தினமும் ஜெபித்து வந்தோம். போன சனிக்கிழமையிலிருந்து அந்த ஜெபம் கொஞ்சம் குறைந்துவிட்டது, இப்போது ஜெபம் எங்களுக்கே தேவைப்படுகிறது.

நீ பார்த்து அனுப்பிய குடியாத்தம் சம்பந்தத்தைப் பற்றி வேறு யாராவது உன் காதில் போடுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பையன் சுந்தரராஜ் தங்கமானவன். அவன் அப்பா சாம்ராஜ் வாத்தியார் கறி சாப்பிட மாட்டார் என்று எழுதினாயே, முட்டை, பால், நெய், வெண்ணெய் எதையும் தொடமாட்டார் என்று இன்னொரு வரி எழுத உனக்குக் கை வலித்ததா? ஏதேன் தோட்டத்தில் ஆதாம் மாடா கறந்தான் என்று அவரே கார்டில் கேட்டிருந்தார். கார்டு வந்தது பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள். கேக்குக்கு வாங்கி வைத்த ஒரு டஜன் முட்டையைப் பார்த்துக்கொண்டு லூயிசா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஐடாதான் தைரியம் சொன்னாள். உனக்குத் தெரியும், அவளுக்கு இருபத்தேழு முடிகிறது, இது ஏழாவது சம்பந்தம், ஆனாலும் இந்தப் பையனைப் போட்டோவில் பார்த்ததிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் துலக்குகிறாள். முட்டையைப் பின்வீட்டு ஜூடித்தம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தம்மா துரை பங்களாவில் சமையல் பார்த்தவங்க. கேக்குக்குப் பதிலா பிஸ்கட்டுன்னு அவங்க சொன்ன கணக்கு: வெண்ணெய்க்குத் தேங்காயெண்ணெய், பாலுக்குத் தேங்காய்ப்பால், சர்க்கரைக்கு வெல்லம். கடைச் சாக்லேட்டில் பால் இருக்குதுன்னு கோகோ தூளை எண்ணெயில் குழைச்சுக் கூரைமேல வெச்சோம், இந்த ஜனவரிக் குளிர்ல விடியறதுக்குள்ள கல்லாயிடுச்சு, அதைக் கொத்தி மாவுல போட்டோம். துரை வீட்டு ஓவன் அடுப்பு இல்லைன்னா இன்னா, பழைய தகர டின்னுக்குள்ள மணலைக் கொட்டி, மேல தட்டை வெச்சு, மூடி மேலயும் கீழயும் நெருப்புத் துண்டு போட்டு நானே கட்டிக்கொடுத்தேன். முப்பது வருஷம் சுரங்க ஷாஃப்ட்ல ஆளுங்க போற கேஜை ஏத்தி இறக்கினவனுக்கு இது ஒரு வேலையா.

வந்தாங்க. வாத்தியார் ஒரு பிஸ்கட் எடுத்தார், கண்ணை மூடினார், அப்புறம் ஆறு எடுத்தார். மூணாங்கிளாஸ் பசங்களுக்குப் பாடம் எடுக்கிற மாதிரி, ஓவன் அடுப்பில்லாம எப்படிம்மான்னு ஐடாவைக் கேட்டார். அவ தலை குனிஞ்சுக்கினா. நான் சும்மா இருக்கணும், இருந்தேனா? டின்னு, நெருப்பு, மணல்னு பெருமையாச் சொல்லிக்கினே போறேன். ஆத்து மணலான்னு கேட்டார். இங்க ஏதுங்க ஆறு, எல்லாம் நம்ம சயனைட் மேட்டு மணல்தான்னேன்.

இங்க எவன் அதை யோசிக்கிறான் அக்கா. பாறையை அரைச்சு, சயனைட் போட்டுத் தங்கத்தை எடுத்துட்டு மிச்சத்தை மலையாக் கொட்டி வெச்சிருக்கான், நம்ம பசங்க அதுலதான் சறுக்கி விளையாடுது. மணல் தட்டுக்கு அடியில, பிஸ்கட் தட்டுக்கு மேல, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லைன்னு நான் சொல்றதுக்குள்ள மனுஷன் கடைசி ஜெபத்தை ஆரம்பிச்சுட்டார். ஜட்கா வண்டியில போட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனோம். டாக்டர் நாக்கைப் பார்த்தார், நாடி பார்த்தார், மிச்ச பிஸ்கட்டைக் கேட்டு வாங்கி ரெண்டு தின்னுட்டு, ஒண்ணுமில்லை போங்கன்னுட்டார். எனக்கு வந்த வெட்கத்துக்கு சுரங்கத்துல லெவலுக்குக் கீழே லெவலா இறங்கிப் போயிருப்பேன்.

ரயில் கிளம்பும்போது வாத்தியார் ஜன்னல் வழியா இன்னா சொன்னார் தெரியுமா? "ஏனோக்கு, வெண்ணெயை விட்ட இந்த ஏழு வருஷத்துல இந்த ருசியை நாக்குல வெச்சதில்லை. பால் இல்லாம, முட்டை இல்லாம இப்படிச் செய்யற பொண்ணுதான் எங்க வீட்டுக்கு வேணும். வர ஞாயித்துக்கிழமை குடியாத்தத்துல உங்க அக்கா வீட்ல, ஆத்து மணல்ல, என் கண் முன்னால செய்யட்டும். இதே ருசி இருந்தா அன்னிக்கே நிச்சயம்."

ஆகையால் அக்கா, நல்ல ஆற்று மணலாக ஒரு கூடை அள்ளி வை. அதற்குள் அவர் வீட்டுக்கு ஒரு நடை போய், பைபிள்மேல் கைவைத்து, என் தம்பி மகள் கையில் கள்ளம் கிடையாது என்று சொல்லிவிட்டு வா. கர்த்தர் உன்னையும் மாமாவையும் குறைவில்லாமல் நடத்துவாராக.

இப்படிக்கு
உன் தம்பி
ஏனோக்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் ஐடா வந்து அழுகிறாள். நம்ம டின்னில் வெந்தது பாறாங்கல்லாகிவிட்டதாம், குப்பையில் போட்டாளாம். வாத்தியார் தின்றது ஜூடித்தம்மா பண்ணிப் பின்வாசல் வழியாகக் கொடுத்தது. அதில் சயனைட் மேட்டு மணல் படவே இல்லை, அதை நீ தாராளமாகச் சத்தியம் பண்ணலாம். நம்ம முட்டை பன்னிரண்டும், அரைப் பவுண்டு வெண்ணெயும்தான் இருந்ததாம். பைபிளை எடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை வாத்தியாருக்குச் சளி பிடித்து ருசி தெரியாமல் போக மாமாவையும் சேர்ந்து ஜெபிக்கச் சொல்.