ரெஜினா அக்கா நிறுத்தச் சொன்ன பாட்டு

வாசிக்கத் தெரியாதவனையும் தெரிந்தவனாகக் காட்டி ஊரை ஏமாற்றித் தருகிற ஒரே வாத்தியம் கீபோர்டுதான். வயலினிடம் இந்தப் பாச்சா பலிக்காது.

தாளக் குழு உள்ளேயே இருக்கிற வகைக் கீபோர்டில் இடது கையால் மூன்று கட்டைகளை அழுத்தினால் போதும். டிரம்ஸ், பேஸ், கிட்டார், நாலு வயலின் என்று ஒரு கூட்டமே கிளம்பி வந்து வாசிக்கும். நாம் தலையை மட்டும் உருக்கமாக ஆட்டிக்கொண்டிருக்கலாம். நான் வாங்கியதில் கையை எடுத்தால் கூட்டமும் நின்றுவிடும். எனக்குத் தெரிந்தது வெள்ளைக் கட்டையில் ஒரே ஒரு ஸ்ருதி. பாடுகிறவர்கள் வேறு ஸ்ருதியில் ஆரம்பித்தால் ‘ட்ரான்ஸ்போஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டினால் விரல் அதே இடத்தில் இருக்க, சத்தம் மட்டும் ஏறும், இறங்கும். மாதா கோயில் கீபோர்டுக்காரர்களில் பாதிப் பேரின் மானத்தைக் காப்பாற்றுவது அந்தப் பொத்தான்தான். (மீதிப் பாதிப் பேர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.) என் மானத்தை வாங்கியதும் அதேதான்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடம் சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். அந்தோணி அண்ணன் வீட்டு மாடியில் வாடகைக்கு ரூம். அண்ணன் கம்பெனி பஸ் டிரைவர். அவர் மனைவி ரெஜினா அக்காதான் எங்கள் குடியிருப்பின் சின்னக் கோயிலில் பாட்டுக்குழுத் தலைவி. அக்கா வாயைத் திறந்தால் மைக் வேண்டாம், பாடினாலும் சரி, திட்டினாலும் சரி.

ஓ.டி. பார்த்த காசையெல்லாம் கொட்டி ஒரு கச்சேரிக்காரரிடம் அந்தப் பழைய கீபோர்டை வாங்கினேன். அதில் ஒரு கார்டு செருகி, மைக்கில் பாடுகிற குரலை மட்டும் தனியாகப் பதிந்து வைக்கலாம். பிறகு அந்தக் குரலோடு தாளக் குழுவையும் சேர்த்து ஓடவிடலாம். அதை வாங்கிய நாளிலிருந்து என் நடையே மாறிவிட்டது என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. லைனில் வேலை பார்த்து வந்த வியாதி. கன்வேயர் வேகத்துக்குக் கை பழகிவிட்டதால், எந்தப் பாட்டாக இருந்தாலும் பாதியில் டெம்போ பொத்தானைத் தட்டி வேகத்தை ஏற்றிவிடுவேன். அக்கா நிதானமாகப் பாடுகிற மாதா பாட்டு ஒன்றைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

“உன் கூடப் பாடிப் பாடி என் தொண்ட போச்சுடா சகாயம்,” என்றார் அக்கா ஒருநாள். “என் கொரல அந்தப் பொட்டில புட்சி வெச்சிக்கோ. அத்தப் போட்டுக்கினு மாடிலயே ப்ராக்டீஸ் பண்ணு.”

நான் வாசிக்க, அந்த மாதா பாட்டைப் பதிந்தோம். இரண்டு சரணம் அழகாக வந்தது. மூன்றாவதில் வழக்கம்போல நான் வேகமெடுக்க, அக்கா பாட்டை நிறுத்திவிட்டுத் திட்டித் தீர்த்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பதிவை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். (அன்று இரவு அக்கா கொடுத்தனுப்பிய மீன் குழம்பை மட்டும் வேண்டாமென்று சொல்லவில்லை.)

அடுத்த மாதம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

இந்த இடத்தைச் சிரிப்பாக எழுத எனக்கு வரவில்லை.

அடக்கத்தன்று அந்தோணி அண்ணன் வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு வேலைக்கும் போகவில்லை, அழவும் இல்லை. வாசலில் உட்கார்ந்திருப்பார். ஷிஃப்ட் பஸ் போனால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகள் ஜாஸ்மின் என்னிடம் வந்து, “அப்பா ஒரு வாட்டி அழுதுட்டா தேவலண்ணா, எனக்கு பயமா கீது,” என்றாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

ஒருநாள் அண்ணன் படியேறி என் ரூமுக்கு வந்தார்.

“சகாயம், அவ கொரலு உன் பொட்டில கீதாமே?”

“இருக்குண்ணே.”

“முப்பதாம் நாள் பூசைல போடு. கோயில்ல அவ பாடி நான் ஒரு வாட்டி கேக்கணும். வேற ஒண்ணியும் வாணாம்.”

வேறொன்றும் வேண்டாம் என்று மனுஷன் தமிழில்தான் சொன்னார். குரலை மட்டும் ஓடவிட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் எனக்குள்ளே ஓர் இசையமைப்பாளர் குடியிருந்தாரே, அவர் சும்மா இருப்பாரா? “பாருங்கண்ணே, வயலின் எல்லாம் சேத்து, அக்கா பெரிய ஸ்டுடியோவுல பாடுன மாதிரி ஆக்கிருதேன்,” என்றேன். அண்ணன் கீபோர்டின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

ரூமில் வாசித்துப் பார்த்தபோது எல்லாம் பொருந்தி வந்தது. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இரண்டாம் சரணம் முடிந்ததும் நிறுத்துகிற பொத்தானை அமுக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு கார்டில் இருப்பது சண்டை. அந்தப் பகுதியை நான் வெட்டி எடுக்கவில்லை. (எடுக்கத் தெரியவில்லை.)

முப்பதாம் நாள் வந்தது. கோயில் நிறைந்து வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். அக்கா இல்லாத கூட்டம் வருகைப் பாடலைக் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோலத் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தது. ட்ரான்ஸ்போஸைத் தட்டிக் கீழே இறக்கி, அவர்களோடு சேர்ந்துகொண்டேன். அங்கேதான் சனி பிடித்தது. இறக்கியதைத் திரும்ப ஏற்ற மறந்துவிட்டேன்.

எல்லாரும் நன்மை அப்பம் வாங்கி முடிந்ததும் ஃபாதர் தலையை அசைத்தார். முன்வரிசையில் அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கார்டை ஓடவிட்டு, இடது கையை அழுத்தினேன்.

அக்கா ஒரு ஸ்ருதியில் பாடினார். நாலு வயலினும் வேறொரு ஸ்ருதியில் வாசித்தன. ட்ரான்ஸ்போஸ் கட்டைகளின் சத்தத்தைத்தான் இறக்கும். பதிந்து வைத்த குரலை அது தொடாது என்பது எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் அக்காவோடும் பாதிப் பேர் வயலினோடும் சேர்ந்து பாட முயன்றார்கள். அதை நான் விவரிக்கப் போவதில்லை.

பக்கத்தில் நின்ற ஜாஸ்மின், “அண்ணா, அம்மா ஒரு பக்கம் போவுது, மியூசிக் ஒரு பக்கம் போவுதுண்ணா,” என்று கிசுகிசுத்தாள்.

சரிசெய்யத் தட்டினேன். பதற்றத்தில் விரல் போனது பழகிய டெம்போ பொத்தானுக்கு. தாளக் குழு தலைதெறிக்க ஓட ஆரம்பித்தது. அக்கா ஓடவில்லை. அதைப் பிடித்து நிறுத்தப் போய் எந்தப் பொத்தானை அமுக்கினேனோ, மெல்லிய டிரம்ஸ் இருந்த இடத்தில் டமுக்கு டமுக்கு என்று குத்துத் தாளம் கிளம்பியது. முப்பதாம் நாள் பூசையில்! யாரோ ஒருவர் மடியிலிருந்த கைக்குழந்தை குதூகலமாகக் குதிக்கத் தொடங்கியது. ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஐயோ, கைய எடுண்ணா!” என்றாள் ஜாஸ்மின்.

எடுத்தேன். தாளம் நின்றது, வயலின் நின்றது, பாட முயன்றவர்களும் நின்றுவிட்டார்கள். அக்கா மட்டும் பாடிக்கொண்டிருந்தார். இரண்டாம் சரணம். எந்தத் துணையும் இல்லாமல், அவசரமே படாமல், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அந்தக் குரல் நிறைந்து நின்றது. கோயிலில் ஃபேன் ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது. நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்துகிற பொத்தானை அமுக்க வேண்டும் என்பது எனக்குச் சுத்தமாக மறந்துபோனது.

சரணம் முடிந்தது. மூன்றாவது தொடங்கியது. அப்புறம்,

“டேய், நிறுத்து. நிறுத்துடா! இன்னாத்துக்கு இப்டி ஓட்ற? கம்பெனி பஸ்ஸு பூடுமா? வுட்டா உங்க அண்ணன் பஸ்ஸையே தாண்டிப் பூடுவ போல கீதே!”

ஒரு சின்னச் சிரிப்பு.

“சரி, மூஞ்சியத் தூக்காத. மொதல்லேர்ந்து வா.”

‘டொக்’ என்றது. அத்தோடு கார்டு முடிந்தது.

அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னையும் கீபோர்டையும் சேர்த்து விழுங்கியிருக்கலாம். பிளக்கவில்லை. சிப்காட்டில் எல்லா இடத்திலும் கான்கிரீட் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

முன்வரிசையிலிருந்து ‘ஹெக்’ என்று ஒரு சத்தம் வந்தது. அண்ணன் சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்தார்தான். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, “ஐயோ ரெஜினா, ஐயோ ரெஜினா,” என்று கத்தி அழுதார். ஜாஸ்மின் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். முப்பது நாளாக அடக்கி வைத்த அழுகை. யாரும் அவரைத் தடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இன்னாடா பாத்துக்கினு கீற? அதான் அவ சொல்ட்டா இல்ல? மொதல்லேர்ந்து வா.”

டிரம்ஸை அணைத்துவிட்டு முதலிலிருந்து வாசித்தேன். கோயிலே பாடியது. நடுவில் ஓரிடத்தில் என் கை தானாக வேகமெடுத்தது. பின்னாலிருந்து யாரோ பலமாகக் கனைத்தார்கள். குறைத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அண்ணன் பஸ் எடுத்தார்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எனக்கு விமோசனமே இல்லை. என் கல்யாணத்தில் தாலி கட்டும்போது பதற்றத்தில் முடிச்சு நழுவியது. “டேய், நிறுத்து. மொதல்லேர்ந்து வா,” என்று கூட்டத்துக்குள்ளிருந்து அண்ணனின் குரல். ஃபாதரே சிரித்துவிட்டார். என் மனைவி அன்றைக்கே அதைப் பிடித்துக்கொண்டாள், வண்டியை நான் கொஞ்சம் முறுக்கினால் போதும், “பஸ்ஸு பூடுமா?” என்பாள்.

கீபோர்டு போய்விட்டது. அந்தக் கார்டும் கெட்டுவிட்டது. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவரை அலைந்தும் அதிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை. ஆனால் அண்ணனுக்கு அது மனப்பாடம். அக்காவின் நினைவு நாளுக்கு நாங்கள் போகும்போதெல்லாம் என் மகள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, “பெரியப்பா, பெரியம்மா மாதிரித் திட்டுங்க,” என்பாள். அவர் ஒரு வார்த்தை விடாமல் திட்டுவார், நடுவில் வருகிற அந்தச் சின்னச் சிரிப்பு உட்பட. ‘மொதல்லேர்ந்து வா’ என்றதும் நிறுத்திவிடுவார்.

“அப்புறம்?” என்று கேட்பாள் மகள், பதில் தெரிந்துகொண்டே.

அண்ணன் என்னைக் கைகாட்டுவார். “அப்பால இன்னா? உங்க அப்பன் கோச்சிக்கினு ஆஃப் பண்ட்டான்.”

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.