இனிமேல் நான் பின்சீட்டில் உட்கார மாட்டேன்

கார்வர்ஸ் ஃபோர்க், ஆர்கன்சா
மே மாதம் 6-ஆம் தேதி

மரியாதைக்கும் கொஞ்சம் பரிதாபத்துக்கும் உரிய மைத்துனர் லமார் அவர்களுக்கு, தங்கள் தங்கை நெல்டாவின் புருஷன் வெர்லின் ஸ்டப்ஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் நெல்டாவும் இரண்டு நாய்களும் சுகம். வீட்டுக் கூரை மட்டும் இன்னும் ஒழுகுகிறது. அதற்குக் காரணம் கீழே வருகிறது. அங்கே டல்சா நகரத்தில் தாங்களும், தங்கள் முதுகுவலியும், இன்னும் ஆறு வருஷத் தவணை பாக்கி இருக்கிற தங்கள் மினுமினுப்புப் படகும் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். மரியாதை இத்தோடு போதும் மச்சான், கை வலிக்கிறது. இனிமேல் சும்மா பேசுகிற மாதிரியே எழுதுகிறேன். நீ முதலில் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துகொள். ஏனென்றால் நான் ஜெயித்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டு மேஜையில் நீ சொன்னது உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. பதினோரு வருஷமாக உன் படகின் பின்சீட்டில் உட்கார்ந்து மீன் பிடித்தவன் நான். முன்தட்டில் நீ நிற்பாய், மூழ்கிய மரம், பாறை இடுக்கு, படித்துறை நிழல் எல்லாவற்றுக்கும் நீதான் முதலில் தூண்டில் வீசுவாய். நீ வீசி, ஏமாந்து, சலித்து விட்ட தண்ணீரில்தான் நான் வீச வேண்டும். அங்கே மீன் இருந்தாலும் அதற்கு ஏற்கெனவே புத்தி வந்திருக்கும். பதினோரு வருஷமும் நான் பார்த்த காட்சி உன் முதுகு ஒன்றுதான். உன் பெண்டாட்டியைவிட எனக்குத்தான் உன் சட்டையின் பின்பக்கம் அதிகம் பழக்கம். எட்டாயிரம் டாலருக்குள் ஒரு சொந்தப் படகு வாங்கி, ஒரே ஒரு தடவையாவது அதில் முன்னால் நின்று, யாரும் தொடாத தண்ணீரில் முதல் வீச்சை வீசவேண்டும் என்று அன்றைக்கு வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நீ பன்றித் தொடையை வெட்டிக்கொண்டே சிரித்தாய்.

"எட்டாயிரம் டாலருக்குப் படகா? அந்தக் காசுக்கு அலுமினியத் தகர டப்பாதான்டா கிடைக்கும். மீனு அதைப் பாத்தா பயப்படாது, பாவப்படும். பேசாம டல்சாவுக்கு வா, என் பின்சீட்டு காலியாத்தான் கிடக்கு."

அதோடு விட்டாயா? தகர டப்பாவில் போய் எங்கள் ஊர் தீயணைப்புப் படை நடத்துகிற மீன்பிடிப் போட்டியில் ஒரே ஒரு பரிசு கொண்டுவந்தால், ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினத்தன்று முழுநாளும் அதன் பின்சீட்டில் வாயைத் திறக்காமல் உட்காருகிறேன் என்று கைதுடைக்கிற காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டாய். அந்தக் காகிதம் குழம்புக் கறையோடு எங்கள் குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது. தினமும் பால் எடுக்கும்போது அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

எட்டாயிரமும் கூரைக்கென்று நெல்டா சேர்த்து வைத்த காசு. அதைக் கேட்க எனக்கு மூன்று வாரம் தைரியம் வரவில்லை. கடைசியில் அவளே கேட்டாள்.

"ஏங்க, பல்வலியா, படகு வலியா?"

"படகுதான்."

"எட்டாயிரத்துக்கு மேல ஒரு டாலர் போனாலும் நீங்க அந்தப் படகுலயே குடித்தனம் நடத்திக்குங்க. அப்புறம் இன்னொண்ணு. போட்டிக்கு நானும் வருவேன்."

இவள் தூண்டில் பிடித்தே பார்த்ததில்லையே, வந்தால் வரட்டும், பேச்சுத்துணை என்று நானும் தலையாட்டினேன்.

முதலில் நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கிற பெரிய கடைக்குப் போனோம். வாசலிலேயே ஒரு பச்சைப் படகு, எட்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக விலை எழுதித் தொங்கவிட்டிருந்தான். விற்கிற பையனுக்கு முப்பத்திரண்டு பல்லும் வெள்ளை. முன்னால் காலால் மிதித்து ஓட்டுகிற சின்ன மின்மோட்டார் எங்கே என்றேன், அது தனி என்றான். மீன் இருக்கிற இடத்தைக் காட்டுகிற திரை? தனி. இரண்டாவது நாற்காலி? தனி. பேட்டரி? அதுவும் தனி. அவன் எழுத எழுதக் கணக்கு பன்னிரண்டாயிரத்தில் போய் நின்றது. நெல்டா குனிந்து படகுக்கு அடியில் பார்த்தாள்.

"தம்பி, இதுக்கு அடிப்பாகம் இந்த விலையிலயே சேந்ததா, இல்ல அதுவும் தனியா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

இரண்டாவது, கல்குவாரிப் பக்கம் ஒருவன் வைத்திருந்த பழைய படகு. ஐயாயிரம்தான். உள்ளே புத்தம்புதுச் சாம்பல்நிறக் கம்பளம் ஒட்டியிருந்தான், பார்க்கக் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. இருபது வயசுப் படகுக்கு எதற்கு இத்தனை புதுக் கம்பளம் என்று யோசிக்கிற புத்தி எனக்கு ஏறி நின்ற பிறகுதான் வந்தது. அதற்குள் வலதுகால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. கம்பளத்துக்கு அடியில் இருந்த ஒட்டுப்பலகை ஊறிய ரொட்டி மாதிரி இருந்தது, மச்சான். அந்த ஆள் அசரவே இல்லை. "அந்த இடத்துல சாமான் வைக்க ஒரு பொந்து வெட்டலாம்னுதான் நானும் நெனச்சிருந்தேன்" என்றான். காலை உருவ அரைமணி நேரம் ஆயிற்று. அலுமினியம் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் தாங்கும், அதற்குமேல் பரப்பின பலகைதான் உளுத்துப்போகும் என்று நான் கற்றுக்கொண்டது என் முழங்கால் சிராய்ப்பிலிருந்துதான். வாங்கப் போகிறவர்களுக்கெல்லாம் இப்போது காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறேன்.

மூன்றாவதுதான் நம்முடையது. முடிவெட்டுகிற கடையை மூடிவிட்டு ஓய்வில் இருக்கிற கிளீட்டஸ் கிழவர், பதினேழடிப் படகை ஷெட்டுக்குள் போர்வை போர்த்திக் குழந்தை மாதிரி வைத்திருந்தார். ஐம்பது குதிரைசக்தி மோட்டார், பத்து வயசு. முன்மோட்டார், திரை, படகை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற டிரெயிலர், இரண்டு நாற்காலி, எல்லாம் சேர்த்து எட்டாயிரத்து ஐந்நூறு கேட்டார். கால்வைத்துக் குதித்துப் பார்த்தேன், தரை கிண்ணென்று இருந்தது. ஆனாலும் சும்மா வாங்குவேனா? படகின் அடிப்பாகத்தில் தகடுகளை இணைக்கிற ரிவெட் ஆணி ஆயிரம், அதில் எது ஒழுகும் என்று யாருக்குத் தெரியும்? தோட்டத்துக் குழாயை எடுத்துப் படகுக்குள்ளேயே விட்டேன். படகு டிரெயிலரில் நிற்கிறது, உள்ளே கணுக்கால் ஆழம் தண்ணீர், நான் கீழே மல்லாக்கப் படுத்துக்கொண்டு எங்கே சொட்டுகிறது என்று பார்க்கிறேன். கிழவர் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏன்யா, படகை ஏரியில மிதக்க விடப் போறியா, இல்ல ஏரியைப் படகுக்குள்ள வெச்சுக்கப் போறியா?"

நேராக என் மூக்கின்மேல் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு காதில் ஒன்று, கண்ணில் ஒன்று. மொத்தம் மூன்று ரிவெட் ஒழுகல். அந்த மூன்று சொட்டைக் காட்டி அறுநூறு டாலர் குறைத்தேன். ஏழாயிரத்துத் தொள்ளாயிரம்! மீதி நூறு டாலரை நெல்டா கையில் வைத்தபோது அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை.

ரிவெட்டுகளை நானே அடித்து இறுக்கிப் பசை பூசினேன். போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம் மறுபடி தண்ணீர் விட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. படகின் பின்பக்கம் தண்ணீர் வடிகிற ஓட்டையின் அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட்டு, அடைப்பானைப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டேன். சட்டையை நெல்டா துவைக்கப் போட்டாள். உனக்குப் புரிந்துவிட்டது. சிரிக்காதே.

விடிந்தது. நாற்பது படகு வரிசையில் நிற்கிறது. இறக்குகிற சாய்தளத்தின் ஓரத்தில் பாதி ஊர் மடக்குநாற்காலி போட்டுக் காப்பியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறது. யார் டிரெயிலரைக் கோணலாகப் பின்னுக்கு விடுகிறான் என்று பார்ப்பதற்காகவே வருகிற ஜனங்கள். நான் ஒரே மூச்சில் அம்பு மாதிரி நேராக இறக்கினேன். ஒருவன் கைகூடத் தட்டினான். வண்டியை நிறுத்திவிட்டு வந்து படகில் ஏறி இரண்டு நிமிஷம் இருக்கும்.

"ஏங்க, என் செருப்பு மிதக்குது."

நம் பக்கத்து வீட்டு ராய்ஸ், அதுதான் உன் படகின் அண்ணன் மாதிரி ஒரு படகு வைத்திருப்பவன், அவன் சும்மா இருப்பானா? "என்ன வெர்லின், மீனை ஏரியில விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் தொட்டியில நீந்தறீங்களா?" என்று கத்தினான். மடக்குநாற்காலிகள் எல்லாம் குலுங்கின.

நான் ஓட்டையைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெல்டா என் சாமான்பெட்டியைத் திறந்தாள். 'இதுதான்டா உசத்தி, இதைத் தவிர எதையும் போடாதே' என்று நீ சொன்ன தூண்டிலில் மாட்டுகிற அந்தக் கருநீல ரப்பர்ப் புழு இரண்டு பொட்டலத்தையும் கொத்தாகச் சுருட்டி, என் கழுத்துத்துணியில் கட்டி, ஓட்டையில் திணித்துத் துடுப்பின் அடியால் நாலு குத்துக் குத்தினாள். தண்ணீர் நின்றது. முழுதாக நிற்கவில்லை, ஒருவர் குதிகாலால் அதன்மேல் அழுத்திக்கொண்டிருந்தால் நின்றது. வாழ்க்கையிலேயே முதல்தடவையாக உன் புழு ஒரு வேலைக்கு ஆயிற்று, மச்சான்.

எல்லாரும் உறுமிக்கொண்டு புறப்பட்டுப் போனார்கள். நாங்கள் நாற்பதாவது. நல்ல இடம் எல்லாம் போய்விட்டது. பெட்டியில் மீதி இருந்தது நெல்டா கடையில் அழகாக இருக்கிறதென்று எடுத்த ரோஸ் நிறப் புழு ஒரு பொட்டலம். பல்பசை நிறம். அதை எடுத்து வெளியே காட்டவே எனக்குக் கூச்சம்.

இப்போதுதான் கேள். ஓடை ஏரியில் சேருகிற இடம் தெரியுமே, தண்ணீரில் நிற்கிற சைப்ரஸ் மரக்கட்டைகளுக்குப் பின்னால் ஒரு குட்டை மாதிரி விரிந்து கிடக்கும், ஒரு முழம்கூட ஆழம் இருக்காது. பதினோரு வருஷமும் நீ படகை இங்கே இழுத்துக்கொண்டு வந்து அதைக் கடக்கும்போதெல்லாம் நான் கேட்பேன், 'அங்கே போலாமா?' நீ சொல்வாய், 'கட்டை உரசினா வண்ணம் போயிடும்டா.' நம் தகர டப்பாவுக்கு ஏது வண்ணம்? டங், டங், டணார் என்று நாலு கட்டையில் இடித்துக்கொண்டு நேராக உள்ளே போனோம். அந்தப் பக்கமாகத் திரும்பி வந்த ராய்ஸ் வாசலிலேயே நின்று விரலைக் கடித்துக்கொண்டு பார்த்தான். உள்ளே இந்த வருஷம் யாரும் தூண்டிலே போடாத தண்ணீர், கண்ணாடி மாதிரி கிடந்தது. படகைக் காப்பாற்றுகிற முக்கியமான பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். ரோஸ் புழு ஒரு கட்டையின் ஓரத்தில் பொத்தென்று விழுந்தது. ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் தண்ணீர் வாயைப் பிளந்தது! கோல் வில்லாக வளைந்தது, கயிறு கீச்சென்று கத்தியது, படகே பக்கவாட்டில் இழுபட்டது. "விடாதே, விடாதே, கோலை நிமித்து!" என்று போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் பறந்தன. வலையில் அள்ளியபோது அது மீனா, நாய்க்குட்டியா என்று சந்தேகம் வந்துவிட்டது.

ஏழு பவுண்டு மூன்று அவுன்ஸ், மச்சான்! தராசு முள்ளைப் பார்க்க ஊரே முண்டியடித்தது. அன்றைக்கு நாற்பது படகில் பாஸ் என்கிற அந்த ஏரிமீனில் அதைவிடப் பெரியது கிடையாது. உயிரோடு மறுபடி ஏரியில் விட்டோம், வாலை ஆட்டி நன்றி சொல்லிக்கொண்டு போயிற்று. பெரிய மீனுக்குப் பரிசாகக் கோப்பை, முன்னூறு டாலர், தீயணைப்புப் படைத் தொப்பி. ராய்ஸ் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "இந்தத் தகரம் எங்க கிடைச்சுது?" என்று கேட்டான். "கடையில வெறும் அடிப்பாகம் கிடைக்குதாம், போய்ப் பாரு" என்றேன்.

ஆகையால் பந்தயப்படி ஜூலை நாலாம் தேதி காலை ஆறு மணிக்குத் தாங்கள் இங்கே ஆஜராக வேண்டியது. பின்சீட்டு தங்களுக்கு. வாய்க்குப் பூட்டு. என் முதுகை நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம், புதுச் சட்டை வாங்கி வைத்திருக்கிறேன். தங்கள் முதுகு சீக்கிரம் நிமிரவும், மீன்கள் தங்களிடம் இரக்கம் காட்டவும், தங்கள் மனைவி ஐடாபெல் வழக்கம்போல் தங்களைப் பொறுத்துக்கொள்ளவும் வாழ்த்துகிறேன். நாய்களும் தங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னன.

இப்படிக்கு,
இனி எந்நாளும் முன்தட்டில் நிற்கப்போகிற
வெர்லின் ஸ்டப்ஸ்

பின்குறிப்பு: கடிதத்தை நெல்டா படித்தாள். தபால்தலை அவள் கைப்பையில் இருக்கிறது, ஒரு விஷயத்தை எழுதாமல் தரமாட்டாளாம். சரி, எழுதுகிறேன். ஓட்டையின்மேல் ஒருவர் குதிகாலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது என்றேன் அல்லவா, அது நான். ஓட்டை இருப்பது படகின் பின்னால். ஆறுமணி நேரம் பின்சீட்டில் இருந்தேன். முன்தட்டில் நின்றது, மோட்டாரை மிதித்தது, முதல் வீச்சை வீசியது, மீனைப் பிடித்தது எல்லாம் உன் தங்கை. கத்தினது மட்டும் நான். இத்தோடு அவள் வைத்திருக்கிற பத்திரிகைப் படத்தில் கோப்பையோடு நிற்பது அவள், ஓரத்தில் தெரிகிற முழங்கை என்னுடையது. மறுநாளே சட்டைப்பையிலிருந்து அடைப்பான் கிடைத்துவிட்டது, இனி நான் முன்னால் வரலாமே என்று கேட்டுப் பார்த்தேன். "ஜெயிச்ச இடத்தை யாராவது மாத்துவாங்களா?" என்கிறாள். ஜூலை நாலாம் தேதி பின்சீட்டு பந்தயப்படி அவளுடைய அண்ணனுக்காம். அப்போ நான் எங்கே என்றேன். "அன்னைக்கு லீவுதானே, கூரை மேல ஏறுங்க" என்றாள். மச்சான், டல்சாவில் உன் படகின் பின்சீட்டு இன்னும் காலியா? இருந்தால் மெத்தையை மட்டும் மாற்றிவிடாதே. அதில் என் அளவுக்கு ஏற்கெனவே பள்ளம் விழுந்திருக்கும்.