குல்குல்லில் ஐம்பது சதவீதம்

அல்சூர் கிளெமென்டுக்குப் பள்ளிக்கூட நாளில் ‘கணக்குப் புலி’ என்று பெயர். அந்தப் புலி இப்போது குல்குல் மாவுக்கு முன்னால் பம்மி உட்கார்ந்திருந்தது.

கிறிஸ்துமஸ் வந்தால் அந்த வீட்டில் குல்குல் சுருட்டாமல் தீராது. இனிப்பு மாவைக் கிள்ளி, முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டி, எண்ணெயில் பொரிக்க வேண்டும். முதல் கைப்பிடி வேடிக்கையாக இருக்கும். அப்புறம் இடுப்பு கழன்றுவிடும். போன வருஷம் நாலு கிலோ மாவில் புருஷனுக்கு ரெண்டு, பெண்டாட்டிக்கு ரெண்டு. இந்த வருஷமும் அதே நாலு கிலோதான். ஆனால் மத்தியானம் நண்பன் டிரேவர் வீட்டுப் பெரிய டிவியில் கிரிக்கெட் ஃபைனல். எப்படியாவது அங்கே போய்ச் சேருவது என்று கிளெமென்ட் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தான்.

எதிரே அவன் பெண்டாட்டி குளோரியா ஒரு கையில் மாவும் மறு கையில் பென்சிலுமாக இருந்தாள். பேங்கில் கிளார்க். அடுத்த வாரம் ஆபீசர் பரீட்சை. சதவீதக் கணக்கு அவளுக்குச் சுட்டுப் போட்டாலும் வராது என்பது கிளெமென்டின் திடமான நம்பிக்கை.

“குளோரியா, ஒரு டீல். இந்த வருஷம் என் பங்குல அம்பது பர்சென்ட் குறைச்சுக்கறேன். அடுத்த வருஷம் அம்பது பர்சென்ட் ஏத்திக்கறேன். சரிக்குச் சரி.”

“அப்போ இப்ப உங்களுக்கு ஒரு கிலோ, எனக்கு மூணா?”

“அதான் அடுத்த வருஷம் ஈடு கட்டிருவேன்ல!”

குளோரியா பென்சிலைக் கடித்தாள். “ஒரு கிலோல அம்பது பர்சென்ட் ஏத்தினா ஒன்றரைதானே ஆகுது? ரெண்டு எங்கேங்க? லெக்கா இடிக்குதே!”

புலிக்கு வியர்த்தது. ஆனால் மாட்டிக்கொண்டதை ஒப்புக்கொள்ளும் வழக்கம் அந்த வம்சத்திலேயே கிடையாது.

“சபாஷ்! உனக்கு டெஸ்ட் வெச்சேன். பரீட்சையில பாதிப் பேர் இந்தக் கேள்வியிலதான் குப்புற விழுவாங்க.”

“ஓஹோ! முதல்ல ஏத்திட்டு அப்புறம் குறைச்சா என்ன ஆகும்?”

வாத்தியார் வேலை கிடைத்ததும் கிளெமென்டுக்குத் தலைகால் புரியவில்லை. மாவு விரலால் மேஜையிலேயே எழுதிக் காட்டினான். “ரெண்டை ஏத்தினா மூணு. அதுல பாதி போனா ஒன்றரை. பார்த்தியா? எப்படிப் போனாலும் பழைய ரெண்டுல முக்கால் பங்குலதான் வந்து நிக்கும். எது முதல்ல வந்தாலும் ஒரு வித்தியாசமும் இல்ல!”

“நிஜமாவா?”

“என் மீசை மேல சத்தியம்!”

“அப்போ உங்க டீலுக்குச் சம்மதம். இந்த வருஷம் ஏத்திக்கோங்க, அடுத்த வருஷம் குறைச்சுக்கோங்க.” மூன்று கிலோ மாவை அவன் பக்கம் தள்ளினாள்.

“ஐயோ, மேட்ச் இருக்கே!”

“வித்தியாசம் இல்லைன்னு மீசை மேல அடிச்சுச் சொன்னது யாரு?”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். டிரேவர் போனில், “எங்கடா இருக்கே? டாஸ் போட்டாச்சு!” என்று கத்தினான். கிளெமென்ட் போனைக் கவிழ்த்துவிட்டு முள்கரண்டியை எடுத்தான். மாவைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது.

“பரவாயில்ல. அடுத்த வருஷம் எனக்கு ஒன்றரைதான். மறந்துராதே.”

“மறப்பேனா?” குளோரியா புத்தகத்தைப் புரட்டியபடி சொன்னாள். “ஆனா ஆபீசராயிட்டா இதுக்கெல்லாம் எனக்கு நேரம் ஏதுங்க? அடுத்த வருஷத்துல இருந்து குல்குல் பேக்கரியிலதான்.”