பேட்டரியும் கருவாடும் ஒரே பையில்

ஸ்ப்ரூஸ் துறை, லாப்ரடார்
மார்ச் 11, செவ்வாய்

அன்பு மகன் லெஸ்டருக்கு அம்மா எஃபி எழுதிக்கொள்வது.

இங்கே நான், உன் மனைவி மார்கி, உன் மகள் டெஸா, நாய்கள் பதினொன்று, எல்லோரும் கர்த்தர் கிருபையில் வேளைக்குத் தின்று வேளைக்குத் தூங்குகிறோம். அங்கே ஆல்பர்ட்டா எண்ணெய் வயலில் நீயும் உன் இடது முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள்? மேற்சொன்ன முழங்காலுக்கு நான் பின்னி அனுப்பிய உறையைப் போடுகிறாயா, அல்லது கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள் என்று பெட்டியில் வைத்திருக்கிறாயா? போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய். இது குறுக்கே பேசாமல் கேட்க வேண்டிய சமாச்சாரம்.

சனிக்கிழமை நாய்வண்டிப் பந்தயம் முடிந்தது. படம் இல்லை. முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் மார்கி கைபேசியில் எடுத்து அனுப்பியதைப் பார்த்துவிட்டு நீ, "அம்மா, பனியில யாரோ மிளகு கொட்டின மாதிரி இருக்கு, இதுல எது என் மக?" என்று கேட்டாயே, அது டெஸாவின் காதிலும் விழுந்தது. இந்த வருஷம் பதினாறு முடிந்து பெரியவர்கள் பந்தயத்தில் முதல்முறையாக ஓட்டப்போகிறாள், இந்த வருஷமும் உனக்கு ஷிப்ட் மாற்றிக் கொடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. நாய்ச் சேணம் தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியை இரண்டு தரம் விரலில் குத்திக்கொண்டாள், அவ்வளவுதான். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "கவலப்படாதடி, உங்கப்பன் பக்கத்துல நின்னு பாத்த மாதிரி ஒரு படம் நான் எடுத்து அனுப்பறேன்" என்றேன். "சத்தியமா பாட்டி?" என்றாள். சத்தியம் என்று சொன்ன பிறகுதான், என்னிடம் கேமராவே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

கண் டாக்டரைப் பார்க்க கூஸ் பே போனேன் அல்லவா, அன்றைக்கே கேமராக் கடைக்கும் போனேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உலகமே பால் ஊற்றினாற்போல் தெரிந்த நேரத்தில் கேமரா பார்க்கப் போனது முதல் தப்பு என்று மார்கி சொல்கிறாள். அது கிடக்கட்டும். கடைக்காரர் வின்ஸ் நல்ல மனிதர், முன்பு கல்யாணப் படம் எடுத்தவர். "கல்யாணத்துல மாப்பிள்ள ஓடமாட்டாரும்மா, நாய் ஓடும்" என்று ஆரம்பித்தார். ஓடும் நாய்க்கு மூன்று பார்க்க வேண்டுமாம்: நொடிக்கு எத்தனை படம் எடுக்கிறது, நாய் ஓட ஓடக் கூடவே கண் வைக்கிறதா, லென்ஸ் எவ்வளவு தூரம் எட்டுகிறது. அப்புறம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் கேமராவின் உள்கதவு திறந்து மூட வேண்டும், இல்லாவிட்டால் படத்தில் நாய் கலங்கிக் கஞ்சியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, எனக்குப் புரியுமோ என்று தயங்கினார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் நின்றது பின்னக் கணக்கை முடித்த பிறகு. "ஒரு ரொட்டிய ஆயிரம் பேருக்கு அறுத்தா ஒருத்தனுக்குக் கெடைக்கற துண்டு, அதானே?" என்றேன். மனிதர் கையில் இருந்த லென்ஸைக் கீழே வைத்துவிட்டார். "இத்தன வருஷத்துல யாருக்கும் இப்படிச் சொல்லிக் குடுக்க எனக்குத் தெரியல" என்றார். இதை நீ அங்கே நான்கு பேருக்குச் சொல்லலாம்.

மேஜையில் மூன்று கேமரா வைத்தார். ஒன்று கண்ணாடியே இல்லாத புதுச் சாதி, சோப்புப் பெட்டி கனம்தான். மற்ற இரண்டும் உள்ளே கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் சாதி, தூக்கினால் கையில் ஏதோ இருக்கிறது என்று தெரியும். அவர் எண்களாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் பையில் இருந்து சீல் தோல் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, மூன்றின் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். முதலாவதில் பொத்தான் எங்கே என்றே தெரியவில்லை. இரண்டாவதில் ஒரே அழுத்தில் மூன்று பொத்தான் அமுங்கிற்று. மூன்றாவதுதான் கையுறைக்குள்ளிருந்தே டக்கென்று கேட்டது. "இதான்" என்றேன். அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நான் செய்ததைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

லென்ஸ் விஷயத்தில்தான் சண்டை. முழங்கை நீளத்தில் ஒன்றைக் காட்டி, "இத வாங்குங்கம்மா, நூறு அடி தள்ளி நின்னாலும் நாயோட மூக்கு தெரியும்" என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. "நான் பெத்தவன் வளத்த நாய், தெனமும் நான் சோறு போடற நாய், அதப் பாக்க நான் எதுக்கு நூறு அடி தள்ளி நிக்கணும்? நாய்க்கும் எனக்கும் என்ன பகையா?" என்றேன். "பகையில்லம்மா..." என்று இழுத்தார். குட்டை லென்ஸோடு வந்துவிட்டேன். அவர் கடைசியாகச் சொன்ன புத்தி ஒன்று உண்டு: குளிரில் பேட்டரி செத்துப்போகும், இன்னொன்றைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள் என்றார். அந்தப் புத்தியை அப்படியே கேட்டேன். கேட்காத புத்தியால் பாதி கெட்டது, கேட்ட புத்தியால் மீதி கெட்டது.

ஒரு வாரம் முற்றத்தில் பழகினேன். முதல் நாள் எல்லாப் படத்திலும் பனி, துவைக்காத படுக்கை விரிப்பு நிறத்தில் இருந்தது. வின்ஸைக் கூப்பிட்டதற்கு, "கேமரா பனியப் பாத்து வெளிச்சம் அதிகம்னு பயந்துக்குதும்மா, வெளிச்ச அளவுல கூட்டல் ஒண்ணு வைங்க" என்றார். வைத்தேன், பனி வெளுத்தது. இரண்டாம் நாள் படத்தில் வேலிக் கம்பம் அற்புதமாக விழுந்திருந்தது, அதன் பின்னால் புகையாக ஐந்து நாய். மூன்றாம் நாள் வேலை முடிந்து உள்ளே வந்து, ஈரக் கையுறை, நாய்க் காலுறை எல்லாவற்றையும் அடுப்புக்கு மேல் கம்பியில் மாட்டினேன், வழக்கம்போல் கேமராவையும் சேர்த்து மாட்டினேன். குளிரில் இருந்து வந்தது எதுவானாலும் அடுப்பருகே போவதுதானே நம் வீட்டு வழக்கம், உன்னைக்கூடச் சின்ன வயதில் அப்படித்தான் மாட்டியிருக்கிறேன். சற்று நேரத்தில் அதன் கண்ணில் இருந்து தண்ணீர் சொட்டியது. டெஸா ஓடிவந்து, "பாட்டி, அது என்ன நனைஞ்ச சாக்ஸா!" என்று பிடுங்கிக்கொண்டு போய், துணியில் சுற்றி இரண்டு நாள் தன் கட்டிலில் வைத்துப் பிழைக்க வைத்தாள்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஏழு வண்டி. டெஸாவுக்கு ஆறு நாய், முன்னால் டிங்கர். மார்கிக்கு மருத்துவமனையில் வேலை. நான் கடைசி வளைவில், பாதையை ஒட்டி, என் பழைய கான்வாஸ் அங்கியில் நின்றேன். கொஞ்ச தூரத்தில் ஹேவர்ட் நேரம் குறிக்கிற நோட்டோடு நின்றான். "எஃபி அக்கா, உங்க பேத்திதான் முன்னால வர்றா!" என்று கத்தினான். லெஸ்டர், நான் திரும்பிப் பார்த்தேன். இதுதான் உனக்கு நான் படமாக அனுப்ப வேண்டியது, அதனால் எழுதுகிறேன். அவள் தலைமூடி பின்னால் விழுந்து கிடந்தது, முடியெல்லாம் உறைபனியில் வெள்ளை. ஒரு கால் வண்டியில், ஒரு கால் பனியை உதைத்து உதைத்துத் தள்ளுகிறது. வாயைக் குவித்து உன்னைப்போலவே, சத்தம் வராத ஒரு சீட்டி. நாய்கள் ஆறும் ஒரே உடம்பு மாதிரி வருகின்றன.

கேமராவைத் தூக்கினேன். பேட்டரி செத்துவிட்டது. பரவாயில்லை, இருக்கிறதே இன்னொன்று என்று அங்கியைத் திறந்து உள்பையில் கைவிட்டு எடுத்தேன். அந்த உள்பை உனக்குத் தெரியும். இருபது வருஷமாக நாய்களுக்குக் கேப்லின் கருவாடு வைக்கிற பை. உடம்புச் சூட்டில் பேட்டரி மட்டுமா சூடானது? காற்று வேறு என் முதுகுப்பக்கம் இருந்து அவர்களை நோக்கி.

டிங்கர் காதைத் தூக்கியது. அடுத்த நொடி ஆறு நாயும் பாதையை விட்டு, வண்டியோடு, உன் மகளோடு, நேராக என்மேல்.

"டிங்கர்! நேரா! நேராப் போ!" என்று டெஸா கத்துகிறாள். நான் மல்லாக்க விழுந்துவிட்டேன். பேட்டரியை மட்டும் விழுவதற்கு முன்னால் சரியாகப் போட்டிருக்கிறேன் போல, கையுறை பொத்தான்மேல் சிக்கிக்கொண்டு, கேமரா டக்டக்டக்கென்று தன்பாட்டுக்கு அடிக்கிறது. நாய்கள் தலையை அங்கிக்குள் விட்டுக் கருவாட்டை இழுக்கின்றன. எழுந்து கயிற்றைப் பிரித்துவிடலாம் என்று கையை நீட்டினேன்.

"எஃபி அக்கா, தொடாதீங்க!" என்று ஹேவர்ட் அலறினான். "வெளியாள் கை பட்டா வண்டி ஆட்டத்துல இல்ல!"

"நான் வெளியாளாடா?"

"அக்கா, கையத் தூக்குங்க!"

இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, போலீஸ் பிடித்தவள் மாதிரி பனியில் படுத்துக்கிடந்தேன். டெஸா ஒவ்வொரு நாயாக இழுத்துக் கயிறு பிரித்தாள். ஒரு வண்டி கடந்துபோனது. இன்னொன்று. மூன்றாவதும். என் பக்கத்தில் குனிந்தபோது, "பாட்டி, அடி பட்டுச்சா?" என்றாள். "இல்லடி." "பையில என்ன?" "பேட்டரி." "பேட்டரிக்கா டிங்கர் இப்படி வாலாட்டுது?" அவ்வளவுதான், நாய்களைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். நான்காவதாக வந்தாள்.

சாயங்காலம் நாய்களுக்குத் தண்ணீர் வைக்கும்போது போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். "தோத்தத விடுங்க பாட்டி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். பிறகு வாளியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்பாவுக்குப் படம்?" இருநூற்றுப் பன்னிரண்டு படம் விழுந்திருந்தது. முதல் முப்பதை நான் பார்த்தேன். நாக்கு, மூக்கு, வானம், என் கையுறை, டிங்கரின் பின்பக்கம். "ஒண்ணும் இல்லடி கண்ணு" என்றேன். "அப்ப இந்த வருஷமும் இல்ல" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனாள். லெஸ்டர், அவள் கோபப்பட்டிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். கேமராவை அடுத்த தபால் விமானத்தில் வின்ஸுக்கே திருப்பி அனுப்புகிறேன். நான் கண்டதை மேலே எழுதிவிட்டேன், அதை இரண்டு தரம் படி, பார்த்த மாதிரிதான். நீ லீவு கேட்டு மேலாளரிடம் மனக்கசப்பு வைத்துக்கொள்ளாதே. ஜூன் மாதம் முறைப்படி வந்தால் போதும், இங்கே யாரும் உன்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும், முழங்காலையும் காக்கட்டும். மார்கியின் அன்பு. நாய்கள் அனைத்தின் வணக்கம், டிங்கருடையது மட்டும் கொஞ்சம் வெட்கத்தோடு.

உன் அம்மா,
எஃபி

பின்குறிப்பு, வியாழக்கிழமை: புயலால் இரண்டு நாளாகத் தபால் விமானம் வரவில்லை, அதனால் கடிதம் இங்கேயே கிடந்தது. இதற்குள் டெஸா மீதி நூற்று எண்பத்திரண்டு படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறாள். ஒன்றை எடுத்து, பள்ளிக்கூடத்தில் பெரிதாக அச்சடித்து, உன் அறைச் சுவரில் மாட்டிவிட்டாள். இன்னொன்று அச்சடி, கடிதத்தோடு வைக்கிறேன் என்று கேட்டேன். "அது தபால்ல போகாது. அப்பா வந்து பாக்கட்டும்" என்கிறாள். "பாவம்டி உங்கப்பன்" என்றேன். "பாவந்தான். பிளேன் இருக்குல்ல?" என்கிறாள். எனவே மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. கேமராவைத் திருப்பி அனுப்பவில்லை, வின்ஸிடம் அந்த நீள லென்ஸைக் கேட்டிருக்கிறேன். மேலாளரிடம் மனக்கசப்பு வந்தால் வரட்டும். படத்தை நான் பார்த்துவிட்டேன். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு அந்த அறைக்குப் போய் நிற்கிறேன், மூன்று தரம் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அதில் என்ன இருக்கிறது என்று உன்னிடம் சொல்லக் கூடாது என்று டெஸா சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆகையால் தயவுசெய்து எனக்குப் போன் பண்ணாதே, உன் குரலைக் கேட்டால் சொல்லிவிடுவேன்.