எடிசன் போகாத பொங்கல்

இந்தப் பொங்கலுக்கு எடிசன் போவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். மனைவியிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

பக்கத்து ஊரான எடிசனில் என் சகலை, மனைவிக்கு அத்திம்பேர், கோபாலசாமி இருக்கிறார். நல்ல மனிதர். பார்த்ததும் கட்டிக்கொள்வார். கட்டிக்கொண்டபடியே, "க்ரீன் கார்டு என்னாச்சு?" என்பார். போன மாதம் என் ஆபீஸில் பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். மீதிப் பாதியில் நான் எதுவரை என்று எனக்கே தெரியாது. வீட்டில்கூடச் சொல்லவில்லை. சர்க்கரைப் பொங்கலை வாயில் வைத்துக்கொண்டு அவரிடம் எப்படிச் சொல்வது?

அமெரிக்காவில் தை எப்போது பிறந்தாலும் பொங்கல் சனிக்கிழமைதான். அந்தச் சனிக்கிழமை காலை, தெய்வம் கண் திறந்தது. வெஸ்ட் வின்ட்சர் குளிரில் எங்கள் சமையலறை ஸிங்க் அடியில் பைப் உறைந்து வெடித்தது! ஊரெல்லாம் இதே கதையாம். ப்ளம்பர் திங்கட்கிழமைதான் வருவான்.

பேஸ்மென்ட்டுக்கு ஓடி மெயின் வால்வை மூடினேன். பழைய ஹாட் வாட்டர் பேகை வெட்டி விரிசல்மேல் சுற்றினேன். கார் டிக்கியில் கிடந்த க்ளாம்ப் வளையத்தை மாட்டி அதன் ஸ்க்ரூவை முடுக்கினேன். வால்வைத் திறந்தேன்.

ஒரு சொட்டு இல்லை. நான் கை வைத்த காரியம் ஒன்று சரியாக முடிந்தது. அதுவும் வேண்டாத நாளில்.

"சரியாயிடுத்தா? கிளம்பலாமா?" மாடியிலிருந்து என் மனைவி நாகலக்ஷ்மி கேட்டாள்.

ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தினேன். சொட்... சொட்...

அவள் இறங்கி வந்து குனிந்து பார்த்தாள்.

"கசியறதே!"

"டெம்பரரிதானே? பக்கெட்டும் கையுமா யாராவது இருக்கணும். நீ மட்டும் டிரைவ் பண்ணிண்டு போயிட்டு வா."

"அத்திம்பேருக்குப் பயந்துண்டா?"

"சேச்சே! பைப்புக்குப் பயந்துண்டு."

நிமிர்ந்து என் பக்கம் திரும்பினாள். "ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுக்கறேளே, அதுவும் பைப்பாலதானா? உங்க ஆபீஸ் சேதி எனக்கும் தெரியும். வேலை போனா வேற தேடிக்கலாம். நான் இல்லையா?"

பைப் விஷயத்தையும் சொல்லிவிடலாமா என்று யோசிப்பதற்குள், "சரி, நீங்க இங்கேயே இருங்கோ" என்று ஃபோனை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.

திரும்பி வந்தவள் ஒன்றும் கேட்காமல் ஸ்க்ரூவை அரைச் சுற்று முடுக்கினாள். சொட்டு நின்றது.

"உங்களால வர முடியாதுன்னு சொன்னேன். அத்திம்பேர் பதறிப்போயிட்டார். பொங்கப்பானையோட குடும்பமே இங்க கிளம்பிடுத்து. நீங்க அவரைப் பாத்துக்கோங்கோ. பைப்பை நான் பாத்துக்கறேன்."