பாதி வாக்கியத்தின் மேல் ஒட்டிய தாள்

மெரிடித் கவுண்டி வாரச் செய்தியின் ஆசிரியர், மதிப்புக்குரிய திரு. லயல் பிரிட்ஜர்ஸ் அவர்களுக்கு, பழைய மில் தெருக் கடைசி வீட்டிலிருந்து ஹோபார்ட் சட்டில்ஸ் எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் வீட்டாரும் உடம்பு சுகத்தோடும் மனச் சுகத்தோடும் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். என் சுகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். கேட்டாலும் எனக்குக் காது கேட்காது. உங்கள் பத்திரிகையில் ஞாயிறு ஆராதனை நேரம், பூசணிக்காய்ப் போட்டி முடிவு எல்லாம் ஒழுங்காக வருகின்றன, அதற்கு என் பாராட்டு. ஆனால் போன வாரம் முதல் பக்கத்தில் நம் கவுண்டிச் சிறைக்குப் பொறுப்பான ஷெரிஃப் ராய்ஸ் டார்ல்டன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் படத்தைப் போட்டு, ‘சிறையில் இருக்கும் சொந்தங்களோடு பேசுவது இனி மிகச் சுலபம்’ என்று எழுதியிருந்தீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம். சுலபமாம். எவனுக்குச் சுலபம்?

என் மனைவி ஆர்வெல்லா அந்தச் சிறையில் இருப்பது ஊருக்கே தெரியும். ஏன் இருக்கிறாள் என்பது உங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் அன்று கவுன்சில் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து நீங்களும்தான் சிரித்தீர்கள், நான் பார்த்தேன். சாலையோரம் அவள் வளர்த்த ஜினியாப் பூக்களைக் கவுண்டியின் புல்வெட்டும் வண்டி மொட்டையடித்துவிட்டுப் போனது. நியாயம் கேட்கப் போனாள். அவளுக்குக் கொடுத்த நேரம் முடிந்ததென்று கவுன்சிலர் ப்ரூயிட் மைக்கை அணைத்தார். மைக்கை அணைத்தால் தறிக்கூடத்துப் பெண்பிள்ளை வாயை மூடுவாளா? எங்கள் மில்லில் தறிகள் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் அலறினாலும் கேட்காது. அங்கே வேலை பார்த்த எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள். நான் ஆர்வெல்லாவைக் கல்யாணத்துக்குக் கேட்டதே இரண்டு தறி தள்ளி நின்றுதான். அவள் பதில் சொல்லும் முன்பே கூடம் முழுக்கக் கை தட்டியது. ஆக, மைக் போன பிறகு அவள் சத்தமே இல்லாமல், ப்ரூயிட்டைப் பார்த்து, உதட்டால் ஒரு வாக்கியம் சொன்னாள். மண்டபத்தில் பாதிப்பேர் பழைய மில் ஆட்கள். சிரிப்பில் ஒரு கிழவருக்குப் பல்செட்டே கழன்று விழுந்தது. ப்ரூயிட் மட்டும், “என்ன சொன்னா? அந்தம்மா என்னதான்யா சொன்னா?” என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் வாய் திறக்கவில்லை. சபையை அவமதித்தாள் என்று அவள் மேல் வழக்குப் போட்டு, என்னையும் நீதிமன்றத்தில் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். அந்த நேரம் பார்த்து நான் தொப்பியை எடுக்கக் குனிந்திருந்தேன் என்றேன். நீதிபதி நல்ல மனுஷன், அலுத்துப்போய், “உங்க குடும்பத்துல இருந்து ஒரு மன்னிப்பு வந்தாப் போதும்மா, வீட்டுக்குப் போயிடலாம்” என்றார். “வராது” என்றாள் ஆர்வெல்லா. ஒரு மாதம் போட்டார்.

அதுவாவது சட்டம், போகட்டும். அதற்குப் பிறகு நடந்தது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? முதலில் தொலைபேசி வந்தது. ஆர்வெல்லாதான் கூப்பிடுகிறாள் என்று ஓடிப்போய் எடுத்தேன். எடுத்தால் ஏதோ ஒரு யந்திரம் கொசு மாதிரி முனகுகிறது. உரையாடல் பதிவாகிறது, ஏற்க இதை அழுத்து, மறுக்க அதை அழுத்து என்று அது சொல்லுமாம், எனக்கு யார் சொன்னார்கள்? தறி தின்ற காது. “ஆர்வெல்லா, ஆர்வெல்லா” என்று கத்திக்கொண்டே கைக்கு வந்த பொத்தானையெல்லாம் அழுத்தினேன். அதோடு சரி, போனே வரவில்லை. நேரே சிறைக்குப் போய் முன்மேஜைக் காவலர் கென்ட்ராவிடம் கேட்டேன். அந்தப் பெண் எனக்காக முகத்தை நிமிர்த்தி நிறுத்திப் பேசும், குற்றம் சொல்ல மாட்டேன்.

“ஐயா, உங்க நம்பரை நீங்களே தடை பண்ணிட்டீங்க.”

“என் பொண்டாட்டியை நான் எதுக்கும்மா தடை பண்றேன்?”

“அதான் நாங்களும் பேசிக்கிட்டோம். ஏதோ மனஸ்தாபமோன்னு நெனச்சோம்.”

“சரி, தடையை எடுத்து விடு.”

“அது எங்க கையில இல்ல ஐயா. சிறைக்கு இந்தப் போனெல்லாம் நடத்தற கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேக்கணும்.”

கம்பெனிக்குப் போன் செய்தேன். அதே கொசு.

அடுத்து நீங்கள் புகழ்ந்து தள்ளிய அந்த வீடியோத் திரை. முன்பெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாம், முகத்துக்கு முகம் உட்காரலாம். எனக்கு அதைவிட என்ன வேண்டும்? இப்போது கண்ணாடியைப் பிடுங்கிவிட்டு வரவேற்பறைச் சுவரில் ஒரு திரையை அறைந்திருக்கிறார்கள். ஆர்வெல்லாவைக் கொண்டுவந்து உட்கார வைப்பது அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், அவள் தும்மினால் கென்ட்ராவின் மேஜை ஆடும், ஆனால் அவள் முகம் எங்கோ சுற்றிக்கொண்டு போய்த் திரைக்கு வர வேண்டும். உள்ளே இருக்கும் கேமரா பனைமர உயரத்து ஆட்களுக்காக வைத்தது. என் மனைவியோ குட்டை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் உச்சி வகிடு. இத்தனை வருஷத்தில் அந்த வகிட்டை நான் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. எழுந்து நில் என்று கை காட்டினேன். நின்றாள், வயிறு தெரிந்தது. எம்பிக் குதித்தாள், வாய் வரும்போது படம் உறைந்துபோய், திறந்த வாய் திறந்தபடியே நின்றது. “கொஞ்சம் சாய்ச்சு வையேன்மா” என்றால், “அந்தத் திருகாணி கம்பெனியோடது ஐயா” என்கிறாள் கென்ட்ரா. திருகாணிகூடவா நம் கவுண்டிக்குச் சொந்தமில்லை?

சரி, எழுதியாவது போடுவோம் என்று உட்கார்ந்தேன். உறை கூடாதாம், தபால் அட்டைதான் போட வேண்டுமாம். அந்த அட்டையும் நேராகச் சிறைக்குப் போகாதாம். வேறொரு மாநிலத்துக்குப் போய், அங்கே யாரோ படம் பிடித்து, அந்தப் படம் இங்கே வந்து சேருமாம். என் வீட்டு வாசலில் நின்று கல் எறிந்தால் சிறைச் சுவரில் படும். எறிந்து பார்க்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். வெட்டுப்பட்ட ஜினியாவில் ஒன்று மறுபடி துளிர்த்துப் பூத்திருந்தது, அதைப் பார்த்தால் அவளுக்கு உயிர் வரும் என்று ஓர் இதழைக் கிள்ளி அட்டையில் ஒட்டி அனுப்பினேன். மாநிலம் விட்டு மாநிலம் போய்த் திரும்பி என் வீட்டுக்கே வந்துவிட்டது, மேலே சிவப்பு மையில் ‘அடையாளம் தெரியாத தாவரப் பொருள்’ என்று ஒரு முத்திரை. அது ஜினியா ஐயா! கவுண்டி வண்டி ஏற்றி வெட்டியதே, அதே ஜினியா. வெட்டும்போது மட்டும் அடையாளம் தெரிந்ததா?

அன்று ஆத்திரத்தில் வண்டியைச் சிறைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் மாடி ஜன்னலில் ஆர்வெல்லா. முகம் முழுசாக, வாய் முழுசாக. “வீட்டுல சாப்பிடறியா, இல்ல பொட்டுக்கடலை மாதிரி எதையாவது கொறிச்சுக்கிட்டுக் கிடக்கிறியா?” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வண்டி முகப்பில் உட்கார்ந்து பேசினோம். யந்திரமில்லை, கம்பெனியில்லை, பொத்தானில்லை. அங்கே வந்து மேல் ஜன்னலைப் பார்த்துக் கையசைத்துவிட்டு ஏங்கிப் போகிற பெண்கள் இதைப் பார்த்துவிட்டு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மார்லீஸ் என்று ஒரு பெண், இடுப்பில் குழந்தை, “அங்கிள், என் வீட்டுக்காரரு கோடி ஜன்னல்ல நிக்கறாரு, என்ன சொல்றாருன்னு பாருங்களேன்” என்றாள். பார்த்தேன். “குழந்தையைத் திருப்பிக் காட்டச் சொல்றாம்மா. பல்லு முளைச்சுதான்னு கேக்கறான்.” அவள் குழந்தையின் உதட்டை விரலால் விலக்கி மேலே தூக்கிக் காட்டினாள். அந்தப் பையன் ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்திருந்தால் ராய்ஸ் டார்ல்டனுக்குக்கூட நெஞ்சு இளகியிருக்கும்.

இளகவில்லை. ஒரு நாள் தொப்பியைச் சரிசெய்துகொண்டே வந்தான்.

“ஹோபார்ட் மாமா, இது சரிப்படாது. உள்ளே இருக்கிறவங்க பேசினா அது பதிவாகணும். நீங்க பேசறது பதிவாகல.”

“ஏன்டா, உங்கம்மா எனக்கு அடுத்த தறியில நின்னவ. நீயும் உதட்டைப் பார்த்தே வளர்ந்தவன்தானே? நின்னு பாத்து எழுதிக்கயேன்.”

“எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் விட்டுப்போச்சு மாமா. பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கில்ல?”

“எம்பொண்டாட்டி என்னைப் பல்லு விளக்கச் சொன்னா யாருக்குடா ஆபத்து?”

மறுநாள் ஏணி வண்டி வந்துவிட்டது. ஒருவன் மேலேறி, ஜன்னல்களுக்கு வெளிப்பக்கம் வெள்ளைத் தாளை மேலிருந்து கீழாக உருட்டி ஒட்டிக்கொண்டே வந்தான். ஆர்வெல்லாவின் ஜன்னலுக்கு வரும்போது அவள் அவசரம் அவசரமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். தாள் இறங்க இறங்க அவளும் குனிந்தாள். முட்டி போட்டாள். “ஹோபார்ட், என்ன ஆனாலும் நீ மட்டும்…” அவ்வளவுதான். தாள் அவள் வாயையும் மறைத்துவிட்டது.

நான் மட்டும் என்ன? சொல்லுங்கள் ஆசிரியரே, என்ன ஆனாலும் நான் மட்டும் என்ன செய்ய வேண்டும், அல்லது செய்யக் கூடாது? அடுப்பை அணைத்தேனா என்று இதுவரை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. ரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிட்டேனோ என்று இன்னொன்று போட்டுத் தலை சுற்றிக் கிடந்தேன். அவள் அக்காவுக்குப் பிறந்தநாளோ என்று வாழ்த்து அனுப்பினேன்; இல்லையாம், அந்தம்மாள் இப்போது கோபித்துக்கொண்டிருக்கிறாள். வாய்க்கு எட்டிய வார்த்தை கண்ணுக்கு எட்டாமல் ஒரு மனுஷன் எத்தனை நாள் இருப்பான்? என் காதைத்தான் மில் எடுத்துக்கொண்டது. கண்ணால் கேட்டுக்கொண்டிருந்ததையும் இந்தக் கவுண்டி தாள் போட்டு ஒட்டிவிட்டது.

கடைசியில் நானே ஒரு வழி பண்ணினேன். ‘குடும்பத்திலிருந்து ஒரு மன்னிப்பு’ என்றுதானே நீதிபதி சொன்னார்? ஆர்வெல்லா ‘வராது’ என்றாளே தவிர, ‘நீயும் கேட்காதே’ என்று என்னிடம் சொல்லவில்லை. அவள் செய்வதைப் பார்த்திருந்த ஞாபகத்தில் ஒரு தேங்காய்க் கேக் சுட்டு, ப்ரூயிட் வீட்டுக்கு எடுத்துப் போய், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குடும்பத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். கேக்கை வெட்ட அவர் மரம் அறுக்கும் ரம்பம் தேடினார், அது வேறு விஷயம். முகம் மலர்ந்துதான் இருந்தது.

ஆகவே இந்தக் கடிதத்தைப் பெரிய எழுத்தில், ஷெரிஃப் பல்லைக் காட்டிய அதே இடத்தில் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தாளைக் கிழிக்க வேண்டும், கண்ணாடியைத் திரும்ப வைக்க வேண்டும், கொசுவை ஒழிக்க வேண்டும். உங்கள் அச்சுயந்திரம் நீடூழி ஓடட்டும், உங்கள் அம்மாவின் ஆத்மா இளைப்பாறட்டும், அவரும் நல்ல நெசவுக்காரி, அவர் உதடு தூரத்திலிருந்தே தெளிவாகத் தெரியும்.

இப்படிக்கு, கொதித்துப்போயிருக்கும்
ஹோபார்ட் சட்டில்ஸ்

பி.கு.: தம்பி லயல், மேலே உள்ளதில் ஒரு வரியைக்கூட அச்சிட வேண்டாம். தபால்தலை இல்லாமல் இது வண்டியிலேயே கிடந்தது நல்லதாகப் போயிற்று. கேக் வேலை செய்துவிட்டது, ஆர்வெல்லாவை விட்டுவிட்டார்கள். அவள் வண்டியில் ஏறியதும் முதல் வேலையாக, “என்ன ஆனாலும் நான் மட்டும் என்ன?” என்று கேட்டேன். என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து சொன்னாள்: “என்ன ஆனாலும் நீ மட்டும் அந்த ஆளுகிட்டப் போய் மன்னிப்புக் கேட்டுடாதேன்னு சொன்னேன்.” அதற்குப் பிறகு உதட்டை மூடியவள்தான். ஒரே வீட்டில், ஒரே மேஜையில், மூடிய உதட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குச் சிறையைவிடக் கொடுமையாக இருந்தது. தாங்க முடியாமல் திங்கட்கிழமை கவுன்சில் கூட்டத்துக்குப் போய், கேட்ட மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். மைக்கை அணைத்தார்கள். நான் நிறுத்தவில்லை. நீங்கள் அன்று ஊரில் இல்லாமல் போனது உங்கள் துரதிர்ஷ்டம். இப்போது நான் உள்ளே இருக்கிறேன், மார்லீஸின் கணவன் இருக்கும் அதே அறையில். கவுண்டி வாங்கிய பசை முதல் மழைக்கே இளகி, இந்த ஜன்னலில் மட்டும் தாள் கீழ்ப்பக்கம் சுருண்டுவிட்டது. முட்டி போட்டுக் குனிந்தால் ஆர்வெல்லா முழுசாகத் தெரிகிறாள். காவலர்கள் நான் ஜெபம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பூனைநடை போட்டுப் போகிறார்கள். நான் இங்கிருந்து வாயசைக்க, அவள் வண்டி முகப்பில் தாளை வைத்து இதை எழுதுகிறாள். ராய்ஸ் உங்கள் பத்திரிகையை எழுத்து விடாமல் படிப்பவன். தாளைப் பற்றி ஒரு வார்த்தை வந்தால் நல்ல பசை வாங்கிவிடுவான். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், எழுதாதீர்கள். அவள் என்னோடு பேசுகிறாள்.

தம்பிக்கு ஆர்வெல்லா எழுதுவது: கூட்டத்தில் நான் சொன்ன அதே வாக்கியத்தைத்தான் இவரும் சொல்லியிருக்கிறார், ஆனால் அதில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். அதுதான் முக்கியமான வார்த்தை. ஏன் விட்டாய் என்று இப்போது கீழேயிருந்து கேட்டேன். “வேணும்னுதான் விட்டேன், நீ அடுத்த தடவை போனாச் சொல்றதுக்கு ஏதாவது மிச்சம் வேணாமா?” என்கிறார். எழுத்து கோணிக்கொண்டு போவதற்கு மன்னிக்கவும், சிரித்துக்கொண்டே எழுதுகிறேன்.