உறை பிரிக்காத கார்

மனித குலம் கண்டுபிடித்தவற்றில் தலைசிறந்தது சக்கரம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள். சக்கரம் உருளும், உருண்டால் தேயும். தேய்கிற ஒன்று எப்படித் தலைசிறந்ததாக இருக்க முடியும்? தலைசிறந்தது பிளாஸ்டிக் உறைதான். அது எதன் மேல் கிடக்கிறதோ அதற்கு அழிவில்லை. இந்தப் பேருண்மையைக் கண்டறிந்த மகான் இமயமலையில் இல்லை. கோவில்பட்டியில், என் அக்காள் வீட்டில்தான் இருக்கிறார். அக்காளின் கணவர், எனக்கு அத்தான்.

அத்தான் வேல்ராஜ் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்தைத்தான் விட்டாரே ஒழிய, கண்காணிப்பதை விடவில்லை. அவர் வீட்டு டிவி ரிமோட் உறைக்குள் இருக்கிறது. ஒரு பொத்தானை அமுக்கினால் பக்கத்துப் பொத்தானும் கூடவே அமுங்கும். செய்தி கேட்க உட்கார்ந்தவர்கள் மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டு எழுந்து போயிருக்கிறார்கள். சோபா, கடையிலிருந்து வந்தபோது போர்த்தியிருந்த அதே பிளாஸ்டிக்கோடு இருக்கிறது. சித்திரை மாதத்தில் அதில் உட்கார்ந்த விருந்தாளியை ஆள் வைத்துத்தான் பிய்த்து எடுக்க வேண்டும். மெத்தைக்கும் அதே பாதுகாப்பு. ராத்திரி அத்தான் புரண்டு படுத்தால் தெருநாய் எழுந்து குரைக்கும். ஆனால் ஒன்று, அந்த வீட்டில் எந்தப் பொருளும் பழசானதில்லை.

இப்படிப்பட்ட வீட்டில்தான் அந்த விபரீதம் நடந்தது. அக்காள் உமாராணிக்கு முழங்கால் வலி. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “மூட்டுத் தேய்மானம்” என்றார். அத்தானுக்கு முகம் வெளிறிவிட்டது. தம்முடைய நிர்வாக எல்லைக்குள் ஒரு தேய்மானமா! டாக்டர் எழுதிக் கொடுத்த முழங்கால் உறையை அன்றைக்கே வாங்கினார். கடையில் இருந்ததிலேயே உசத்தியானது. உசத்தியானது என்பதால், அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

“இப்பவே போட்டா வேர்வையில நைஞ்சு போயிரும் உமா. ரொம்ப முடியாதப்பப் போட்டுக்கிடலாம்” என்றார்.

எவ்வளவு முன்யோசனை! அக்காள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

அக்காளால் பஸ் படி ஏற முடியாமல் போயிற்று. அந்த நேரம் பார்த்து நாகலாபுரத்தில் இருக்கும் எங்கள் சின்ன அக்காள் வள்ளிமயிலின் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமானது. அக்காள் தூக்கி வளர்த்த பிள்ளை அது. “பெரியம்மா வந்து மாலையை எடுத்துத் தரலைன்னா நான் மணையில உக்கார மாட்டேன்” என்று போனிலேயே சொல்லிவிட்டது. அக்காள் எப்படியாவது போய்விட வேண்டும் என்று தவித்தாள். அத்தான் பார்த்தார். “உன் காலுக்காகவே ஒரு காரு” என்று அறிவித்தார். குறை சொல்லக்கூடாது, சொன்னபடி வாங்கியும் விட்டார்.

ஷோரூமில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆள் உயரத்துக்கு ஓர் அட்டைச் சாவி. கேக். யாரென்றே தெரியாத எட்டுப் பத்துப் பேர் எங்களுக்காகக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே ஓர் ஊழியர் பின்பக்கக் கதவைத் திறந்து, சீட்டில் இருந்த பிளாஸ்டிக்கை ஒரு ஓரத்தில் பிடித்தார்.

“கையை எடுவே!”

கைதட்டல் நின்றுவிட்டது.

“இல்ல சார், டெலிவரி அன்னைக்கு இதைக் கிழிச்சிருவோம்.”

“யாரைக் கேட்டுக் கிழிப்பீரு?”

“எல்லாரும் கிழிக்கிறதுதான் சார்.”

“எல்லாரும் கிழிக்கப் போயித்தான் நாடு இந்த லெச்சணத்துல கெடக்கு.”

கார் உறையோடு வெளியே வந்தது. நான்கு சீட், நான்கு கதவு, வெயில் மறைக்கும் பலகை, பெல்ட்டின் கொக்கி, எல்லாம் உறையோடு. அம்மன் கோயிலில் பூசாரி சந்தனமும் குங்குமமும் வைத்தபோது அவையும் உறையின் மேல்தான் ஏறின. அம்மனின் அருள் அதற்குக் கீழே இறங்க வழியில்லை.

முதல் பயணம் எட்டயபுரம் சாலையில். அக்காள் பின்சீட்டில் சாய்ந்தாள்: கிறீச். நான் காலை மடக்கினேன்: கறமுற. ஒரு பள்ளம் வந்தது. காருக்குள் யாரோ முறுக்குத் தின்கிற மாதிரி எல்லாப் பக்கமும் நொறுங்கியது. அத்தான் காரை ஓரங்கட்டி நிறுத்தினார்.

“மாப்ளே, அது என்ன சத்தம்?”

நான் பிளாஸ்டிக்கைப் பார்த்தேன். அக்காள் பிளாஸ்டிக்கைப் பார்த்தாள்.

“கவராத்தான் இருக்கும்ங்க” என்றாள் அக்காள்.

“கவரு என்னட்டி செய்யும், பாவம்? அது காரைக் காப்பாத்திக்கிட்டுல்லா இருக்கு!”

அன்று மாலையே வீட்டில் வாய்மொழி உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. சத்தம் என்றால் உரசல். உரசல் என்றால் தேய்மானம். ஆகவே சத்தம் அறவே ஒழியும்வரை கார் கோவில்பட்டி எல்லையைத் தாண்டாது. “அப்ப கல்யாணத்துக்கு?” என்றாள் அக்காள். “அதுக்குள்ள ஒழிச்சிருவோம்” என்றார் அத்தான். மேற்படி ஒழிப்புப் பணிக்கு என்னை ‘உதவியாளராக’ நியமித்தார். சம்பளம் கிடையாது, காபி உண்டு.

சர்வீஸ் சென்டர் மேலாளர் மணிகண்டபிரபு தங்கமான மனிதர். வாடிக்கையாளர் சூரியன் மேற்கே உதிக்கிறது என்றால், “ஆமா சார், நேத்து நானும் பார்த்தேன்” என்பார். காரணம் உண்டு. கம்பெனியிலிருந்து வாடிக்கையாளருக்குப் போன் வரும். பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்பார்கள். ஒன்பது என்று சொல்லிவிட்டால் போதும், மணிகண்டபிரபுவை மதுரைக்குக் கூப்பிட்டு இரண்டு நாள் ‘புன்னகைப் பயிற்சி’ கொடுப்பார்கள். அவர் ஏற்கெனவே இரண்டு முறை போய் வந்தவர். தூக்கத்திலும் சிரிப்பதாகக் கேள்வி.

அவர் காருக்குள் ஏறி உட்கார்ந்தார். கிறீச். அவர் முகத்தில் ஞானம் உதித்தது.

“சார், இந்தக் கவரை மட்டும் எடுத்துட்டுப் பார்த்தா...”

“தம்பி, பத்துக்கு எத்தனை மார்க் போடணும்னு சொன்னீய?”

“கவர் இருக்கட்டும் சார்!” என்றார் மணிகண்டபிரபு, சிரித்துக்கொண்டே. “கவர் ரொம்ப அழகா இருக்கு. நான் டேஷ்போர்டைச் சொன்னேன்.”

உயர்மட்டக் கூட்டம் நடந்தது. டேஷ்போர்டைக் கழற்றி, உள்ளே ஸ்பாஞ்சு ஒட்டினார்கள். கதவைக் கழற்றி ஸ்பாஞ்சு ஒட்டினார்கள். ஒரு குற்றமும் செய்யாத கூரை விளக்கைக்கூடக் கழற்றி ஒட்டினார்கள். எல்லாம் உறைக்குச் சேதம் வராமல், ஆபரேஷன் செய்கிற கவனத்தோடு. பிறகு நாங்கள் நான்கு பேர் ஏறி, பைபாஸில் மூச்சை அடக்கிக்கொண்டு போனோம். மூச்சு முட்டி நான் லேசாக இருமினேன். கறமுற.

“முன்னைக்கு இப்ப நல்ல வித்தியாசம் தெரியுது சார்” என்றார் மணிகண்டபிரபு.

“என்ன வித்தியாசம்?”

“சத்தம் இப்ப தெளிவா கேக்குது.”

அத்தான் மனம் தளரவில்லை. விஞ்ஞானம் கைவிட்டதும் உள்ளூர்த் தொழில்நுட்பத்துக்குத் திரும்பினார். கோவில்பட்டியில் தீப்பெட்டிக்கா பஞ்சம்? காரில் எங்கெல்லாம் இடுக்கு இருந்ததோ அங்கெல்லாம் தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகினார். ஏசியைப் போட்டால் காற்றுக்குப் பதிலாகத் தீப்பெட்டி வந்தது. அடுத்து, உடையில் சீர்திருத்தம். பட்டுச் சேலைக்குச் சத்தம் அதிகம், நூல் சேலைக்குக் குறைவு என்று அக்காளை மாற்றி மாற்றி உடுத்தச் சொல்லி ஆராய்ந்தார். அதற்கும் அடுத்து, சீட் முழுக்கப் பவுடர் தூவினார்.

பவுடருக்கு உண்மையாகவே பலன் இருந்தது. கிறீச் குறைந்தது. அத்தான் குதூகலத்தில் பிரேக்கை அழுத்தினார். அக்காள் ஓசையே இல்லாமல் சீட்டிலிருந்து வழுக்கிக் கீழே போனாள். முழங்கால் முன்சீட்டில் இடித்தது. “அம்மா!” என்று கத்தினாள்.

“இது காருச் சத்தம் இல்லைலா மாப்ளே?” என்று கேட்டார் அத்தான்.

“இல்லை அத்தான், அக்காச் சத்தம்.”

“அப்பச் சரி.”

அக்காள் முதுகெல்லாம் வெள்ளையாக, நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் போனாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

கல்யாணம் நெருங்கியது. ஒருநாள் அத்தான் காரைத் தனியாக எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது முகம் ஜொலித்தது.

“கண்டுபிடிச்சிட்டேன் மாப்ளே! நான் அசையாம ஓட்டுனேன். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. காருல குத்தமே கெடையாது. ஆளு ஏறுதது பாரு, அதுதான் குத்தம்!”

ஆராய்ச்சியின் முடிவு இதுதான்: பயணிகள் இல்லாத வேளையில் வாகனம் பூரண அமைதி காக்கிறது, எனவே குறைபாடு பயணிகளிடத்தில் உள்ளது. உலகத்துக் கார் கம்பெனிகள் கோடி கோடியாகக் கொட்டியும் எட்ட முடியாத இடத்தை என் அத்தான் ஒரு டம்ளர் காபியில் எட்டிவிட்டார். இதன் அடிப்படையில் பயணத் திட்டமும் தயாராயிற்று.

“நீயும் உங்க அக்காவும் பஸ்ஸுல முன்னால போங்க. நான் காரை நிதானமா பின்னாலயே கொண்டாறேன். மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னாடி எறங்கி நில்லுங்க. அங்கன வச்சு ஏத்திக்கிடுதேன். வாசல்ல மூணு பேரும் காருல இருந்து ஜம்முனு எறங்குவோம்.”

“பஸ் படி ஏற முடியலைன்னுதானங்க காரே வாங்குனீய?” என்றாள் அக்காள்.

“அந்த ஒரு நாளு மட்டும் ஏறிக்கோயேன். வாழ்நாள் பூரா நமக்குக் காரு இருக்கும்லா?”

கல்யாணத்தன்று விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். அக்காள் பட்டுச் சேலையில், கையில் பழத்தட்டோடு. விளாத்திகுளம் வழியாக நாகலாபுரம் போகும் பஸ் வந்தது. அக்காள் கம்பியைப் பிடித்தாள். ஒரு காலைத் தூக்கி வைத்தாள். அடுத்த கால் வரவில்லை. மறுபடியும் முயன்றாள். நான் பின்னாலிருந்து தாங்கினேன். வலியில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“யம்மா, ஏறுதீங்களா, எறங்குதீங்களா?” என்றார் கண்டக்டர்.

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போனால் முகூர்த்தம் முடிந்திருக்கும். அக்காள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அவள் அழுது நான் பார்த்ததில்லை. சற்றுத் தள்ளி, மற்ற சீட்டெல்லாம் காலியாக, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, அத்தான் காருக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு உற்சாகமூட்ட ஒரு ஹாரன் அடித்தார்.

அந்த ஹாரன்தான் தப்பாகப் போய்விட்டது.

அக்காள் பழத்தட்டை என் கையில் கொடுத்தாள். நொண்டிக்கொண்டே போய்ப் பின்கதவைத் திறந்தாள். தோளில் சேலைக்குக் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். சீட்டின் இந்தக் கோடியில் குத்தி அந்தக் கோடிவரை ஒரே இழுப்பு. சர்ர்ர் என்ற அந்தச் சத்தத்துக்கு முன்னால் அதுவரை கேட்ட கிறீச்செல்லாம் ஒன்றுமேயில்லை.

“உமா! புதுசு போயிரும்டி! புதுசு போயிரும்!”

அத்தான் அலறியதில் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. தடுப்பாரில்லை. பூ விற்றுக்கொண்டிருந்த சுடலையம்மாள் ஓடி வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். “நல்லா இழு தாயி! மழைக்குப் பூக்கூடை மேல போட ஆகும்” என்றாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து பின்சீட்டை உரித்துவிட்டு, முன்சீட்டுக்கும் வந்தார்கள். அத்தானை எழுப்பாமலே அவருக்கு அடியிலிருந்து உருவியது சுடலையம்மாளின் திறமை.

அக்காள் ஏறி உட்கார்ந்தாள். “நாகலாபுரத்துக்கு விடுங்க” என்றாள்.

கார் ஓடியது. எட்டயபுரம் தாண்டியது. உழுது போட்ட கரிசல் இரண்டு பக்கமும் மழைக்குக் காத்துக் கிடந்தது. பள்ளம் வந்தது, மேடு வந்தது. அக்காள் சாய்ந்தாள். நான் வேண்டுமென்றே இருமிப் பார்த்தேன். ஒரு முணுக்குச் சத்தம் இல்லை. அத்தானிடமிருந்தும் இல்லை.

விளாத்திகுளம் வந்தபிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. காதைத் தீட்டிக் கேட்டார்.

“மாப்ளே, சத்தம் கேக்குதா?”

“இல்லை அத்தான்.”

“பாத்தியா! ஸ்பாஞ்சு இப்பத்தான் நல்லாப் பிடிச்சிருக்கு. பத்துக்குப் பத்து போட்டுற வேண்டியதுதான்.”

நாகலாபுரம் நெருங்கும்போது பழைய கம்பீரம் முழுசாகத் திரும்பிவிட்டது. கண்ணாடி வழியாக அக்காளைப் பார்த்தார்.

“கோவத்துல கிழிச்சிட்ட, சரி. ஆனா ஒண்ணு சொல்லுதேன் உமா. எத்தனை வருசமா குடும்பம் நடத்துதோம்? டிவி, சோபா, மெத்தை, எதையாவது நான் கெடவிட்டிருக்கேனா? நம்ம வீட்டுல ஒரே ஒரு பொருளு தேஞ்சிருக்குன்னு காட்டு பாப்போம்!”

தூரத்தில் மண்டபத்து மேளம் கேட்டது. அக்காள் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

“ஒண்ணே ஒண்ணு தேஞ்சிருக்கு. அதுக்கு வாங்குன உறை பீரோவுக்குள்ள புதுசாவே இருக்கு.”